வாளெடுக்க மறுத்த சபைகள்

கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இருக்கிறது. நகருக்குள் குண்டு சாலை என்று ஒரு சாலையும் இருக்கிறது. பெயர்க் காரணம் கேட்டால் ஊர்ப் பெரியவர்கள் பீரங்கிக் குண்டைத்தான் சொல்வார்கள். எலிஹு யேல் சென்னையின் ஆளுநராக இருந்த 1690இல், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேரும் நிலத்தை அளக்க யாரும் கயிறோ கோலோ எடுக்கவில்லை. பீரங்கி ஒன்றை நிறுத்தி நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரையிலுள்ள கிராமங்களெல்லாம் கம்பெனிக்கு என்பது பேச்சு. புனித டேவிட் கோட்டையின் எல்லை அப்படித்தான் வரையப்பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1682இல், இன்னொரு ஆங்கிலேயர் அமெரிக்காவின் டெலாவேர் ஆற்றங்கரையில் இறங்கினார். வில்லியம் பென் என்னும் அவர், போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒரு பெரும் நிலப்பரப்பையே பட்டயம் எழுதி அவருக்குக் கொடுத்திருந்தும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்துவந்த லெனாபே மக்களிடம் பேசி, விலை கொடுத்து வாங்கிய பிறகே குடியேற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கோட்டை கட்டவில்லை, படை திரட்டவில்லை. பென்சில்வேனியா பல பத்தாண்டுகள் குடிப்படை இல்லாமலே நடந்தது. இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வாளெடுக்காத கிறிஸ்தவ சபைகளைப் பற்றிய என் வாசிப்பு தீவிரமானது. தேவனாம்பட்டினத்தில் சுட்டவர்களும் கிறிஸ்தவர்கள்தாம். கோட்டைக்குப் புனிதரின் பெயர் வைக்கவும் அவர்கள் மறக்கவில்லை.

பென்னின் கதை அத்தோடு அழகாக முடிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அவருடைய மகன்கள் காலத்தில், 1737இல், ஒருவர் ஒன்றரை நாளில் நடந்து கடக்கும் தொலைவுவரை நிலம் தங்களுக்கு உண்டு என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டினார்கள். பிறகு முன்கூட்டியே காட்டில் வழி வெட்டிவைத்து, ஓட்டத்தில் தேர்ந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடவிட்டு அளந்தார்கள். பீரங்கி இல்லை என்பதைத் தவிர அதற்கும் எங்கள் ஊர் அளவைக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஏமாற்றப்பட்ட லெனாபே மக்களோடு பின்னர் போர் மூண்டது. 1756இல் காலனி அவர்கள்மீது போர் அறிவித்தபோது, அதற்குத் துணைபோக மனமில்லாத குவேக்கர்கள் சிலர் சட்டமன்றப் பதவிகளை விட்டு விலகினார்கள். மாகாணத்தில் குவேக்கர்களின் ஆதிக்கம் அத்தோடு தளர்ந்தது.

நான் கடலூரில் ஒரு லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 16ஆம் பிரிவு, கிறிஸ்தவர்கள் அரசுப் பதவி வகிக்கலாம், நியாயமான போரில் ஈடுபடலாம், அதிகாரி கேட்டால் ஆணையிடலாம் (அதாவது சத்தியம் செய்யலாம்) என்று சொல்லிவிட்டு, இவற்றைத் தடுக்கும் அனபாப்டிஸ்டுகளைக் கண்டிக்கிறோம் என்று பெயர் சொல்லியே கண்டிக்கிறது. திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த நாட்களில் இந்த அனபாப்டிஸ்டுகள் யார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவர்கள் 1525 ஜனவரியில் சூரிக் நகரில் தோன்றியவர்கள். குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து ஏற்பவருக்கே அது உரியது என்று ஒருவருக்கொருவர் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை, தண்ணீரைப் பற்றிப் பேசியவருக்குத் தண்ணீரே தண்டனை என்பதுபோல, லிம்மாட் ஆற்றில் கட்டி மூழ்கடித்தார்கள். அதைச் செய்தது சீர்திருத்தம் பேசிய சூரிக் நகரமன்றம். அதே 1527இல் ஷ்லைட்ஹைம் என்னும் ஊரில் கூடி ஏழு பிரிவுகளில் தங்கள் உடன்பாட்டை எழுதினார்கள். வாள் எடுப்பதில்லை என்பதும் ஆணையிடுவதில்லை என்பதும் அந்த ஏழில் இரண்டு. எழுதுவதில் முன்னின்ற மிகாயேல் சாட்லர் சில மாதங்களிலேயே எரித்துக் கொல்லப்பட்டார்.

எல்லா அனபாப்டிஸ்டுகளும் அப்படி இருந்துவிடவும் இல்லை. 1534இல் மியூன்ஸ்டர் நகரைக் கைப்பற்றி, வாளைக் கொண்டே கடவுளின் ராஜ்யத்தை அமைக்கப் பார்த்த கூட்டமும் அவர்களுக்குள்ளிருந்து வந்ததுதான். அந்த இரத்தக்களரிக்குப் பிறகு, 1536இல், கத்தோலிக்கக் குருத்துவத்தைத் துறந்து வந்த மென்னோ சைமன்ஸ் என்னும் டச்சுக்காரர் சிதறிக் கிடந்தவர்களைச் சேர்த்து, வாளில்லாத வழியில் நிறுத்தினார். அவர் பெயரால் வந்தவர்கள் மெனோனைட்டுகள். சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட்டுகள் ஒரு கிளை. 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்த ஆமிஷ் மக்கள் இன்னொரு கிளை. 1708இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்செனாவ் கிராமத்தில் எட்டுப் பேர் ஆற்றில் இறங்கித் தொடங்கிய சகோதரர் சபை தனி. (நம் பக்கத்தில் ‘பிரதரன் சபை’ என்று சொல்வது வேறு, அது 19ஆம் நூற்றாண்டில் பிளிமத் வழியாக வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.) குவேக்கர்களோ இந்த வேரிலிருந்தே வராதவர்கள், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் அது. மெனோனைட், சகோதரர் சபை, குவேக்கர் ஆகிய மூன்றையும் ‘சரித்திர சமாதான சபைகள்’ என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் 1935இல் அமெரிக்காவின் கான்சாஸில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகே வந்தது.

இவர்களைச் சேர்த்து ஒரே பெயரால் அழைத்தாலும், உபதேசத்தில் இவர்களுக்குள் ஒற்றுமை மிகக் குறைவு. ஞானஸ்நானத்தில் சகோதரர் சபையார் மும்முறை முழுக்கு என்பார்கள். மெனோனைட்டுகள் பலர் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். குவேக்கர்களுக்கு ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. ஆமிஷ் ஆராதனையில் வாத்தியம் இல்லாமல் நான்கு சரணப் பாட்டொன்றை இருபது நிமிடம் இழுத்துப் பாடுகிறார்கள். பழைய குவேக்கர் கூட்டத்தில் பாட்டே கிடையாது, எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே, இவர்களைப் போருக்குப் போகாமல் தடுத்து நிறுத்தியது ஒரு பொதுவான சித்தாந்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. சண்டை வருவதற்கு நெடுநாள் முன்பே, சின்னச் சின்ன அன்றாட ஒழுங்குகளாக உடம்பில் ஊறிய பழக்கங்களே நிறுத்தின என்று நினைக்கிறேன்.

ஆணையிடாமை அவற்றில் ஒன்று. ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்ற மலைப்பிரசங்க வசனத்தை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் மட்டும் சத்தியம் செய்தால், மற்ற நேரத்தில் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பது குவேக்கர்களின் வாதம். ஆணையிட மறுத்ததற்காக அவர்கள் சிறை சென்றார்கள், சொத்தை இழந்தார்கள், சாட்சி சொல்ல முடியாமல் வழக்குகளில் தோற்றார்கள். கடைசியில் 1696இல் ஆங்கில நாடாளுமன்றம் அவர்கள் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று சட்டம் செய்தது. அந்த இடைவெளி வழியே வெகுகாலம் கழித்து நாத்திகர்களும் வந்தார்கள். நாத்திகரான சார்லஸ் பிராட்லாவின் போராட்டத்துக்குப் பிறகு 1888இல் அது எல்லாருக்கும் உரியதாயிற்று. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. பதவியேற்பு விழாக்களில் கடவுள் பெயரைச் சொல்லாமல் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்று தலைவர்கள் சொல்வதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது பகுத்தறிவு இயக்கத்தின் அடையாளம். ஆங்கிலச் சட்டத்துக்குள் அந்த இரண்டாம் வழி முதலில் திறந்தது கடவுளின் பெயரை மிகவும் மதித்ததனாலேயே அதைச் சொல்ல மறுத்த ஒரு கூட்டத்துக்காக என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது பாதம் கழுவும் வழக்கத்தைப் பற்றிப் படிப்பதில். யோவான் 13ஆம் அதிகாரத்தில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிவிட்டு, ‘நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்’ என்கிறார். 1632ஆம் ஆண்டின் டோர்ட்ரெக்ட் அறிக்கையில் மெனோனைட்டுகள் இதை ஒரு நியமமாகவே எழுதிவைத்தார்கள். சகோதரர் சபையில் இது அன்பின் விருந்து என்னும் மாலை ஆராதனையின் பகுதி. அதன் ஒழுங்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விருந்துக்கு முன்பே மூப்பர்கள் வீடு வீடாகச் சென்று, விசுவாசத்தில் இருக்கிறீர்களா, யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பது பழைய வழக்கம். மாலையில் ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம் நீண்ட மேசைகளில் அமர்வார்கள். ஒருவர் எழுந்து இடுப்பில் நீளத் துண்டைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் முன் குனிந்து, தொட்டியில் அவர் காலை வைத்துக் கழுவி, துடைத்து, அவரை எழுப்பித் தழுவி முத்தம் கொடுத்து, துண்டை அவிழ்த்து அவரிடம் கொடுப்பார். கழுவப்பட்டவர் அதைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் முன் குனிவார். பிறகு மாட்டிறைச்சிச் சாறில் ரொட்டியை ஊறவைத்த எளிய உணவு. பெரும்பாலும் பேச்சில்லாமல் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடுவார்கள். அதற்கும் பிறகுதான் புளிப்பில்லாத அப்பமும் திராட்சரசமும்.

ஆமிஷ் மக்களிடம் இந்த ஒழுங்கு இன்னும் இறுக்கம். ஆண்டுக்கு இருமுறைதான் திருவிருந்து. அதற்கு முன்னால் ஒரு முழுநாள் கூட்டத்தில் சபையார் ஒவ்வொருவரும் கடவுளோடும் சபையோடும் சமாதானமாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். பிணக்கு தீரவில்லையென்றால் சபை முழுவதற்குமே திருவிருந்து தள்ளிவைக்கப்படும். இரண்டு பேருக்கு இடையிலான வேலித் தகராறு ஒரு ஊரின் நற்கருணையை நிறுத்திவிடலாம் என்றால், ஊரே சேர்ந்து அதைத் தீர்த்துத்தானே ஆக வேண்டும்!

சமாதானம் பேசியவர்கள் இதைப் பற்றியும் சண்டை போட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. காலைக் கழுவுகிறவரே துடைக்கவும் வேண்டுமா, அல்லது ஒருவர் கழுவ இன்னொருவர் துடைக்கலாமா என்று 19ஆம் நூற்றாண்டில் சகோதரர் சபைக்குள் நீண்ட விவாதம் நடந்தது. 1880களில் அந்தச் சபை பிளந்ததற்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

நம் பகுதியில் பாதம் கழுவுவதை, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று கத்தோலிக்கக் கோயில்களில் பார்க்கலாம். புதுச்சேரியில் இருக்கும் உறவினரோடு நான் அந்தப் பூசைக்குப் போயிருக்கிறேன். பீடத்துக்கு முன் போட்ட நாற்காலிகளில் பன்னிரண்டு பேர் கூச்சத்தோடு அமர்ந்திருக்க, சாமியார் வரிசையாக மண்டியிட்டுக் கழுவி முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கால்களோடுதான் வருவார்கள், அது மரியாதை. அந்தச் சடங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கழுவுகிறவர் ஒருவர், மற்றவர்கள் பார்க்கிறவர்கள். சபையில் ஒவ்வொருவரும் அடுத்தவரின் காலைக் கையால் தொட்டே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு முற்றிலும் வேறு. நம் ஊரில் அது என்ன செய்யும் என்பதைத்தான் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால், புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் ஒடுக்கப்பட்டவர்கள் திரண்டு சென்று பாதிரியாரிடம் நியாயம் கேட்டதையும், அவர் அந்தச் சுவரை இடிக்கச் செய்ததையும், மற்றவர்கள் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் சுவர் போய்விட்டது. கல்லறைத் தோட்டங்களில், கல்யாணப் பேச்சில், சபைத் தேர்தலில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்; எந்தப் பிரிவினரும் விலக்கல்ல. இந்தியாவில் மெனோனைட் வழிச் சபைகளில் பெரியது தெலங்கானாவின் மகபூப்நகர்ப் பக்கம் இருக்கிறது. அதன் மக்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். போரை மறுப்பதைப் பற்றி நாம் பேசும்போது எல்லையில் நிற்கும் பட்டாளத்தையே நினைக்கிறோம். தெருவுக்குத் தெரு இருக்கும் பகை நம் கண்ணில் படுவதில்லை.

பட்டாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் சொல்தாக்கள் வீடு என்றால் தனி மரியாதை. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்கள் என் உறவிலும் உண்டு. கடற்கரைச் சாலையில் இருக்கும் முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 11இல் மலர்வளையம் வைக்கிறார்கள். 1918இல் போர்நிறுத்தம் வந்த நாள் அது. அந்த நாளுக்குச் சில வாரங்களுக்குள், அமெரிக்காவின் லெவன்வொர்த் இராணுவச் சிறையில் ஜோசப் ஹோஃபர், மைக்கேல் ஹோஃபர் என்ற ஹட்டரைட் சகோதரர்கள் இருவர் இறந்தார்கள். சீருடை அணிய மறுத்ததற்காக அல்கட்ராஸ் சிறையின் நிலவறையில் கிடந்து, உடல் நொந்து வந்தவர்கள். கணவனைப் பார்க்க வந்த ஜோசப்பின் மனைவி சவப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, உயிரோடிருந்தவரை அவர் போட்டுக்கொள்ள மறுத்த அந்தச் சீருடையை உடலுக்கு அணிவித்திருந்தார்கள். இருதரப்பிலும் இறந்தவர்களை ஒருசேர மதிப்பது எனக்குக் கடினமாக இல்லை. என் உறவினருக்குத்தான் நான் இதைச் சொன்னபோது கொஞ்சம் வருத்தம்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா பாடம் கற்றுக்கொண்டு, போரை மறுப்பவர்களுக்கு மாற்றுப்பணி கொடுத்தது. ஏறத்தாழ 12,000 பேர் காடுகளிலும் மனநல மருத்துவமனைகளிலும் வேலை செய்தார்கள். அவர்களில் 36 பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வுக்கு மனமுவந்து உடன்பட்டு, 24 வாரம் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டு, உடல் எடையில் கால்பங்கை இழந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்பதை அறிவதற்காக. அதே ஆண்டுகளில் ஹொரேஸ் அலெக்சாண்டர் தலைமையில் குவேக்கர் மருத்துவ உதவிக் குழு வங்காளத்துக்கு வந்தது. மெனோனைட் நிவாரணப் பணியும் 1942இல் அங்கே தொடங்கியது. சகோதரர் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ட் 1944இல் 17 கிடேரிகளைப் போர்ட்டோ ரிக்கோவுக்குக் கப்பலில் அனுப்பினார். வாங்கியவர் முதல் பெண்கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊரில் கன்றை வாரத்துக்கு விடுவதுபோல இருக்கிறது. ஆனால் இங்கே பங்கு சொந்தக்காரருக்குத் திரும்பி வரும், அங்கே அது அடுத்த வீட்டுக்குப் போனது. 1947இல் அமைதிக்கான நோபல் பரிசு குவேக்கர்களின் இரு சேவை அமைப்புகளுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு: 1928இல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் குவேக்கராகி, சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணியாற்றி, பிறகு கோத்தகிரியிலும் வாழ்ந்தவர்.

இவர்களைப் புனிதர்களாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. முதல் உலகப்போரை அடுத்த உள்நாட்டுப் போரில், உக்ரைனில் மக்னோ என்னும் படைத்தலைவனின் ஆட்கள் கிராமங்களைச் சூறையாடியபோது மெனோனைட் இளைஞர்கள் தற்காப்புப் படை அமைத்துத் துப்பாக்கி ஏந்தினார்கள். ஜெர்மானிய மெனோனைட்டுகள் ஹிட்லர் காலத்தில் போர்மறுப்பையே கைவிட்டிருந்தார்கள். ஆமிஷ் சபை, விலகிப்போனவரை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்தும் விலக்கும். 2006இல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் பள்ளியில் ஐந்து சிறுமிகளைச் சுட்டுக் கொன்றவனின் குடும்பத்தை அன்றே தேடிப்போய் ஆறுதல் சொன்னவர்களும் அவர்கள்தாம். அதே மன்னிப்பு, வீட்டுக்குள் வன்முறைக்கு ஆளான பெண்மீது கடமையாகச் சுமத்தப்படும்போது கொடுமையாகிவிடுகிறது. அந்தச் சமூகங்களிலிருந்து வெளியே வந்த பெண்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

2010 ஜூலையில் ஷ்டுட்கார்ட்டில் கூடிய உலக லுத்தரன் சம்மேளனம், முன்னோர்கள் அனபாப்டிஸ்டுகளைத் துன்புறுத்தியதற்காகவும் அதற்கு இறையியல் நியாயம் கற்பித்ததற்காகவும் கடவுளிடமும் மெனோனைட்டுகளிடமும் மன்னிப்புக் கேட்டது. மெனோனைட்டுகள் பதிலுக்குக் கொடுத்த பரிசு, பாதம் கழுவும் மரத்தொட்டி ஒன்று. லுத்தரன்களுக்கு இது சின்னச் செய்தி அல்ல. ஆனாலும் எங்கள் சபையில் இது வாசிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

சென்ற லெந்து என்னும் தவக்கால நாட்களில் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றில் இதை எடுத்துச் சொல்லி, பெரிய வியாழன் மாலையில் நாமும் ஒருவர் காலை ஒருவர் கழுவிப் பார்க்கலாமே என்றேன். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஆர்வமாகத்தான் கேட்டார். வேதத்தில் இருக்கிறது, தடையொன்றுமில்லை, கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் மட்டும், “யாரு காலை யாரு கழுவுறதுன்னு சீட்டு குலுக்கிப் போடுவீங்களா தம்பி, இல்ல நாங்களே ஜோடி பாத்துக்கலாமா?” என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அந்தச் சபைகளில் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரே இணை என்று விளக்கினேன். “அப்படின்னா அன்னைக்கு எல்லாரும் சீக்கிரமே வந்து எடம் புடிச்சிருவாங்க” என்றார்.